ஆடும் மரத்தரைக்கு எது மருந்து: தூணா, ஜோடிக்கட்டையா, இரும்பா?

மரத்தரை போட்ட வீட்டில் ஒருவர் வேகமாக நடந்தால் அலமாரியில் உள்ள கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். முதலில் வேடிக்கையாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் கட்டிலின் ஒரு கால் மட்டும் தரையைத் தொடாமல் நிற்பது கண்ணில் படும். குழந்தை விட்ட பந்து எங்கிருந்து உருண்டாலும் அறையின் நடுவில் வந்து நிற்கும். இந்தக் கட்டத்தில்தான் ஆளுக்கொரு யோசனை சொல்ல ஆரம்பிப்பார்கள். கீழே ஒரு தூண் வைத்து முட்டுக் கொடுங்கள் என்பார் ஒருவர். பழைய கட்டையோடு புதுக்கட்டையைச் சேர்த்து அடித்தால் போதும் என்பார் இன்னொருவர். இரும்பு வைக்காமல் எதுவும் நிற்காது என்பார் மூன்றாமவர். மூன்று பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். தரைக்கு என்ன நோய் என்று பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

பேசப்போகும் பொருளைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொள்வோம். பலகைகளுக்கு அடியில், ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை, வரிசையாக, குறுகிய பக்கம் கீழே வரும்படி நிறுத்திப் போட்டிருக்கும் கட்டைகளைத்தான் ஜாயிஸ்ட் என்கிறார்கள். நான் குறுக்குக்கட்டை என்றோ வெறுமனே கட்டை என்றோ சொல்கிறேன். அந்தக் கட்டைகளையே தாங்கும் பெரிய மரமோ இரும்போ இருந்தால் அது உத்திரம். கட்டை இரண்டு முனையிலும் உட்கார்ந்திருக்கும் இடம் தாங்கல். தாங்கலுக்கும் தாங்கலுக்கும் நடுவே உள்ளது இடைத்தூரம். இந்த இடைத்தூரம்தான் இந்தக் கதையின் வில்லன்.

முதலில் நோயைப் பாருங்கள்

துள்ளல் வேறு, தொய்வு வேறு, இற்றுப்போவது வேறு. குதிகாலைத் தூக்கித் தரையில் போட்டால் தரை அதிர்ந்து அடங்க நேரம் எடுத்தால் அது துள்ளல். கட்டைகள் நல்ல மரமாகவே இருக்கும், ஆனால் அந்தத் தூரத்துக்கு அவை மெலிந்தவை. சுவருக்குச் சுவர் நூல் பிடித்துப் பார்த்தால் நடுவில் நூலுக்கும் தரைக்கும் இடைவெளி தெரிந்தால் அது தொய்வு. மரம் பல வருடம் பாரம் சுமந்தால் அந்த வளைவு அதற்கே பழகிவிடும். பாரத்தை எடுத்தாலும் முழுதாகத் திரும்பாது. புதிதாகப் போட்ட அன்று வளைந்த அளவைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு வரை இந்தப் பழகிய வளைவு போகலாம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கட்டையின் முனைகளைக் குத்திப் பாருங்கள், முக்கியமாகச் சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதியையும், குளியலறை, சமையலறைக்கு அடியில் வரும் பகுதியையும். நல்ல மரத்தில் அதன் முனை ஒரு விரலின் கால் பங்கு அளவு கூட இறங்காது. இற்ற மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வேலை செய்ய முடியாது. அதனால் இற்றுப்போன கட்டை என்றால் எங்கோ தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். கரையான் மண்பாதை தெரிந்தாலும் இதே கதைதான். தண்ணீரையும் பூச்சியையும் நிறுத்தாமல் புதுக்கட்டை வைப்பது, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் மறுபடி சாப்பாடு போடுவதுதான்.

நான்காவதாக ஒன்று உண்டு, அதை நோய் என்று சொல்லக்கூடாது, காயம் என்று சொல்ல வேண்டும். குழாய் போட வந்தவர் கட்டையின் அடியில் வெட்டிய பள்ளம். 150 மி.மீ. உயரக் கட்டையில் அடிப்பக்கம் 50 மி.மீ. வெட்டினால் மிச்சம் 100. மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த இடத்தில் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். வெட்டிய மூலையிலிருந்து நார்வாக்கில் பிளவும் ஓட ஆரம்பிக்கும். ஓட்டை போடத்தான் வேண்டும் என்றால் உயரத்தின் நடுவில், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல், மேல் விளிம்பிலிருந்தும் கீழ் விளிம்பிலிருந்தும் 50 மி.மீ. தள்ளிப் போட வேண்டும். பள்ளம் வெட்டுவது நடு மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் கூடவே கூடாது. பல தரைகளில் துள்ளுவதற்குக் காரணம் இப்படி வெட்டுப்பட்ட இரண்டு கட்டைகள் மட்டும்தான். அவற்றைச் சரிசெய்தால் வேலை முடிந்தது.

ஒரே அறையை வைத்துக் கணக்குப் பார்ப்போம்

எல்லா வழிகளையும் ஒரே தராசில் நிறுக்க ஓர் அறையை எடுத்துக்கொள்கிறேன். இடைத்தூரம் 4 மீட்டர், அறையின் மறுபக்கம் 5 மீட்டர். கட்டைகள் 50 மி.மீ. தடிமன், 150 மி.மீ. உயரம். 400 மி.மீ.க்கு ஒன்று. சாதாரண ஊசியிலை மரம். வீட்டு அறைக்கு ஆட்கள், சாமான்கள் என்று சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் எடுத்துக்கொண்டால் இந்தக் கட்டை நடுவில் ஏறத்தாழ 19 மி.மீ. வளையும். இடைத்தூரத்தை 360-ஆல் வகுத்தால் வருவதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. இங்கே அது 11 மி.மீ. ஆக, உடைந்து விழாது, ஆனால் நடந்தால் நிச்சயம் தெரியும். துள்ளல் நோய்க்குச் சரியான உதாரணம்.

இப்போது, ஒரு கட்டையை விறைப்பாக்க நமக்கு இருப்பவை மூன்றே வழிகள். தடிமனைக் கூட்டலாம், உயரத்தைக் கூட்டலாம், தூரத்தைக் குறைக்கலாம். தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பும் இரண்டு மடங்கு. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் எட்டு மடங்கு. தூரத்தைப் பாதியாக்கினால், மேலே ஒரே மாதிரி பரவிய பாரத்துக்கு, வளைவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். பலகையைப் படுக்கப் போடுவதைவிட நிறுத்திப் போட்டால் ஏன் அதிகம் தாங்குகிறது என்று 1638-லேயே கலிலியோ எழுதி வைத்திருக்கிறார். அது தெரிந்தும் நாம் இன்னும் முதல் வேலையாகத் தடிமனைத்தான் கூட்டுகிறோம்!

முட்டுக் கொடுப்பது

கணக்கின்படி இதை அடிக்க ஆளில்லை. கட்டைகளின் நடுவில் குறுக்காக ஓர் உத்திரம், அதற்குக் கீழே தூண்கள். நம் 19 மி.மீ. வளைவு ஏறத்தாழ 1 மி.மீ.க்கு வந்துவிடும். அதோடு உத்திரம் தானே வளைவதையும் கூட்டிக்கொள்ள வேண்டும், அதனால் உத்திரம் மெலிதாக இருந்தால் பாதி லாபம் போய்விடும். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதில்லை, பலகையைப் பிரிக்க வேண்டியதில்லை, மேலே அறையில் ஆட்கள் இருந்துகொண்டே கூட வேலை நடக்கும்.

சரி, பின்னே ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? கீழே என்ன இருக்கிறது என்பதுதான் காரணம். தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போகும் அளவு வெற்றிடமோ, சாமான் போடும் நிலவறையோ இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கீழே கூடம் இருந்தால் அதன் நடுவில் தூண் நிற்பதை யாரும் விரும்பமாட்டார்கள்.

இன்னொன்று, தூணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பலர் கேட்பதே இல்லை. நம் அறையின் பரப்பு 20 சதுர மீட்டர். தரையின் சொந்த எடையையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 250 கிலோ என்றால் மொத்தம் 5 டன். முனையிலிருந்து முனைவரை வெட்டாமல் ஓடும் கட்டைக்கு நடுவில் தாங்கல் வைத்தால், அந்த நடுத்தாங்கல் பாதியை இல்லை, எட்டில் ஐந்து பங்கை வாங்கிக்கொள்ளும். அதாவது 3 டன்னுக்கு மேல். உத்திரத்துக்கு இரண்டு முனையிலும் நடுவிலும் தூண் என்றால் நடுத்தூணுக்கு மட்டும் ஏறத்தாழ 2 டன் வரும். அதை வெறும் சிமெண்ட் பூச்சின் மேலோ, ஒரு செங்கல்லின் மேலோ நிறுத்தினால் தூண் மெல்ல மண்ணுக்குள் இறங்கும், தரையும் கூடவே இறங்கும். சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் சுமாரான மண்ணில் கூட 450 மி.மீ. சதுரத்துக்கு ஒரு கான்கிரீட் அஸ்திவாரம் வேண்டும். மரத்தூண் என்றால் அதன் அடி கான்கிரீட்டை நேராகத் தொடக்கூடாது, நடுவில் இரும்புப் பாதமோ ஈரம் ஏறாத தகடோ இருக்க வேண்டும்.

ஹைட்ராலிக் ஜாக்கியை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது தூக்குவதற்கு, நிரந்தரமாகத் தாங்குவதற்கு இல்லை. உள்ளே எண்ணெய் கசிந்தால் தானாக இறங்கிவிடும். நிரந்தரமாக நிற்க வேண்டியது திருகு வைத்த இரும்புத்தூணோ, அளவாக வெட்டி ஆப்பு இறுக்கிய மரத்தூணோதான்.

ஜோடிக்கட்டை

பழைய கட்டையின் பக்கத்தில் அதே உயரத்தில் இன்னொரு கட்டையை ஒட்டி நிறுத்தி, பசை தடவி, ஆணியோ போல்ட்டோ போட்டு இறுக்குவது. ஆசாரிகளிடம் கேட்டால் பெரும்பாலும் முதலில் சொல்வது இதைத்தான், காரணமும் இருக்கிறது. எளிதில் புரிகிற வேலை, விசேஷக் கருவி வேண்டாம். நம் அறையில் 19 மி.மீ. வளைவு பாதியாகி 9.5-க்கு வரும், எல்லைக்குள் வந்துவிட்டது. பழைய கட்டை பிளந்திருந்தாலும், வெட்டுப்பட்டிருந்தாலும், முனை இற்றிருந்தாலும் புதுக்கட்டை அதன் வேலையையும் எடுத்துக்கொள்ளும். இந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் நான் ஜோடிக்கட்டைக்கு ஓட்டுப் போடுவேன், விறைப்புக்காக இல்லை.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை. முனை இற்ற கட்டைக்கு ஜோடி போட்டால் ஜோடிக்கட்டை இரண்டு பக்கமும் தாங்கலில் உட்கார வேண்டும். மரத்தின் மேல் உட்கார்ந்தால் குறைந்தது 40 மி.மீ., சுவரின் மேல் என்றால் 75 மி.மீ. நீளத்துக்கு. இங்கேதான் நடைமுறைச் சிக்கல். 4 மீட்டர் அறைக்கு 4.15 மீட்டர் கட்டையை, இரண்டு சுவருக்கு நடுவே, குழாய்களையும் ஒயர்களையும் தாண்டி உள்ளே நுழைக்க வேண்டும். படுக்க வைத்து நுழைத்துப் பிறகு நிமிர்த்துவது, மேல் விளிம்பின் மூலையைக் கொஞ்சம் சீவிக்கொள்வது என்று வித்தைகள் உண்டு. நுழையவே நுழையாத இடத்தில் கட்டையை இரண்டாக வெட்டி நடுவில் இணைப்பவர்களைப் பார்க்கலாம். அந்த இணைப்பு வருவது சரியாக அதிகம் வளையும் இடத்தில். அப்படிச் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பது மேல்.

துள்ளலுக்கு மட்டும் என்றால் ஜோடி முனைவரை போக வேண்டியதில்லை. நடுவில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்குப் போட்டாலே பெரும்பகுதி பலன் கிடைத்துவிடும், ஏனென்றால் வளைவை உண்டாக்கும் விசை முனைகளில் மிகக் குறைவு. சிலர் முழுமரத்துக்குப் பதில் 18 மி.மீ. பிளைவுட்டை இரண்டு பக்கமும் ஒட்டுவார்கள். வளைந்த கட்டையோடு நன்றாகப் படியும், வெட்டி நுழைப்பது சுலபம். ஆனால் பிளைவுட்டில் ஏறத்தாழ பாதி அடுக்குகளின் நார் குறுக்கே ஓடும், அவை நீளவாக்கில் அதிகம் உதவாது. 36 மி.மீ. சேர்த்தோம் என்று கணக்குப் போட்டால் கையில் வருவது அதில் பாதியை ஒட்டித்தான்.

ஜோடிக்கு வாங்கும் மரம் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது சுருங்கும். பழைய கட்டை சுருங்கி முடித்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். புதுசு சுருங்கி மேல் பலகையை விட்டு 3, 4 மி.மீ. இறங்கினால் பாரம் முழுக்க மறுபடி பழசின் தலையில்தான், கூடவே நடக்கும்போது கிறீச் என்ற சத்தம் இலவசம்.

அடியில் ஒரு சட்டம்

இந்த வழியைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கட்டையின் பக்கத்தில் ஒட்டுவதற்குப் பதில் கட்டையின் அடியில், 50-க்கு 50 மி.மீ. சட்டம் ஒன்றை நீளத்துக்கு ஒட்டி ஸ்க்ரூ போடுவது. உயரம் 150-லிருந்து 200 ஆகிறது. விறைப்பு 2.37 மடங்கு. நம் 19 மி.மீ. வளைவு 8 மி.மீ. ஆகிவிடும். ஜோடிக்கட்டைக்குச் செலவான மரத்தில் மூன்றில் ஒரு பங்கு மரத்தில், ஜோடிக்கட்டையைவிட அதிகப் பலன்! உயரத்தின் மகிமை இது.

சட்டம் ஒரே துண்டாக இருக்க வேண்டும். கட்டையின் அடிப்பக்கம்தான் இழுபடும் பக்கம், அங்கே இரண்டு துண்டை முட்ட வைத்தால் முட்டிய இடத்தில் சேர்த்தது எல்லாம் பூஜ்யம். பசை கட்டாயம். ஸ்க்ரூ மட்டும் போட்டால் பாரம் வரும்போது இரண்டு மரமும் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கலில் விறைப்பின் பெரும்பகுதி போய்விடும். பழைய கட்டையின் அடியைச் சுத்தமாக இழைத்து, தூசி, பெயின்ட் எதுவும் இல்லாமல் பசை தடவ வேண்டும். வழுக்கப் பார்க்கும் விசை முனைகளுக்கு அருகில்தான் அதிகம், அதனால் அங்கே ஸ்க்ரூக்களை நெருக்கமாகப் போடுங்கள். சட்டம் சுவருக்குள் போக வேண்டியதில்லை, சுவரைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றால் போதும். அதனால் நுழைக்கும் சிரமமே இல்லை.

குறை என்னவென்றால் கீழ் அறையின் கூரை 50 மி.மீ. இறங்கும். கூரைப் பலகை ஏற்கெனவே இருந்தால் அதைப் பிரித்தாக வேண்டும். இற்றுப்போன கட்டைக்கும் முனைக் கோளாறுக்கும் இது உதவவே உதவாது.

இரும்பு

மரத்தைவிட இரும்பு ஏறத்தாழ இருபது மடங்கு விறைப்பு. ஆக, கட்டையின் முழு உயரத்துக்கும் 6 மி.மீ. தகடு ஒன்றைப் பக்கவாட்டில் போல்ட் போட்டால் 120 மி.மீ. மரம் சேர்த்த மாதிரி. 50 மி.மீ. கட்டை 170 மி.மீ. கட்டையாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பு 3.4 மடங்கு, வளைவு 5.6 மி.மீ. இடத்தையும் அடைக்காது. கட்டைகளுக்கு நடுவே குழாய்கள் நெருக்கமாக ஓடும் இடத்தில், உயரத்தைத் தொட முடியாத இடத்தில், தூண் வைக்க முடியாத இடத்தில் இதை விட்டால் வழியில்லை.

ஆனால் 150 மி.மீ. உயரம், 6 மி.மீ. தடிமன், 4 மீட்டர் நீளத் தகட்டின் எடை 28 கிலோ. பத்துப் பன்னிரண்டு கட்டைகளுக்கு, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துத் துளையிட வேண்டும். தகட்டுத் துளையும் மரத்துளையும் பொருந்த வேண்டும், துளை பெரிதாகிப் போல்ட் ஆடினால் தகடு வேலை செய்ய ஆரம்பிப்பதற்கு முன் மரம் வளைந்து முடித்திருக்கும். மர வேலை செய்யும் கை எல்லாமே இரும்பு வேலை செய்யும் கை ஆகிவிடாது. ஈரமான அடித்தளத்தில் குளிர்ந்த இரும்பின் மேல் நீர் பூக்கும், அதன் பக்கத்து மரம் நனையும். தீயிலும் வெறும் இரும்பு மரத்தைவிட மோசம்: 600 டிகிரியை நெருங்கும்போது பாதிக்கு மேல் பலத்தை இழந்து தொய்ந்துவிடும், தடித்த மரமோ வெளியே கரியாகி உள்ளே சில நிமிடங்களாவது தாங்கும். இரண்டு மரத்துக்கு நடுவே தகட்டைச் சாண்ட்விச் போல் வைத்தால் இந்தக் கவலை குறையும்.

ஒன்றிரண்டு கட்டைகள் மட்டும் அதிகப் பாரம் சுமக்கும் இடத்துக்கு, உதாரணமாகப் படிக்கட்டுத் திறப்பின் ஓரத்துக்கு, இரும்புத்தகடு மிகப் பொருத்தம். அறை முழுக்கப் போடுவது எனக்கு அதிகமாகப் படுகிறது.

இடைக்கட்டை, மேல்பலகை, இன்ன பிற

கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே குட்டிக்கட்டைகளை இறுக்கமாகப் பொருத்துவதும், பெருக்கல் குறி போல் சட்டம் அடிப்பதும் மலிவு, ஒரு நாள் வேலை. இதைப்பற்றி ரொம்பப் பெருமையாகப் பேசுவார்கள். உண்மையில் இது எந்தக் கட்டையையும் பலமாக்குவதில்லை, பக்கத்துக் கட்டையைத் துணைக்குக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். அறை முழுக்கப் பாரம் நிறைந்திருந்தால் எல்லாக் கட்டையும் ஒரே அளவு வளையும், யாரும் யாருக்கும் உதவ முடியாது, நம் 19 மி.மீ. அப்படியே இருக்கும். ஆனால் ஒருவர் நடக்கும்போது பாரம் ஒரு கட்டையில்தான். அதைப் பக்கத்து இரண்டு, மூன்று கட்டைகள் பகிர்ந்துகொண்டால் காலுக்குக் கீழே வித்தியாசம் நன்றாகவே தெரியும். குவளைகள் பேசுவதுதான் தொல்லை என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள். தொய்வுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. தளர்வாக வெட்டிய இடைக்கட்டையால் துள்ளலும் போகாது, சத்தம்தான் கூடும்.

மேலே பழைய பலகைக்கு மேல் 18 மி.மீ. பிளைவுட் ஒட்டுவதும் இதே ரகம். கீழிருந்து கைவைக்க முடியாத வீட்டுக்கு ஆறுதல். கதவுகளின் அடியை அறுக்க வேண்டிவரும், படிக்கட்டின் கடைசிப் படி மட்டும் மற்றப் படிகளிலிருந்து உயரம் மாறிவிடும். இருட்டில் தடுக்கி விழ வைப்பது அந்த மாதிரி ஒரு படிதான்.

பழைய கட்டைகளின் நடுவே புதுக்கட்டைகளைச் சேர்த்து இடைவெளியைப் பாதியாக்குவது ஜோடிக்கட்டைக்குச் சமமான பலன் தரும், தாங்கலில் உட்கார இடம் இருந்தால். மரத்தரையின் மேல் ஸ்க்ரூக்களை நிறுத்தி 50 மி.மீ. கான்கிரீட் ஊற்றி, மரமும் கான்கிரீட்டும் சேர்ந்து சுமக்கும்படி செய்வதும் உண்டு. பிரமாதமான விறைப்பு. ஆனால் சதுர மீட்டருக்கு 120 கிலோ கூடுகிறது. நம் 20 சதுர மீட்டர் அறைக்கு 2,400 கிலோ. சுவர் தாங்குமா என்பதை ஒரு கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், ஆசாரி சொல்லக்கூடாது.

முனை மட்டும் போயிருந்தால்

கட்டை நன்றாக இருக்கிறது, சுவருக்குள் இருந்த ஒரு சாண் மட்டும் இற்றுவிட்டது என்பது மிகச் சாதாரணமான நிலைமை. இதற்கு அறை முழுக்க ஜோடிக்கட்டை அடிப்பது அநியாயம். சுவரை ஒட்டிக் கீழே புதிதாக ஓர் உத்திரம் கொடுத்து, நல்ல மரம் இருக்கும் இடத்திலேயே தாங்கிக்கொள்வது நேரான வழி. இடைத்தூரமும் கொஞ்சம் குறைகிறது. தூணுக்கு இடமில்லை என்றால் இற்ற பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் மரத்துண்டோ இரும்புத் தகடோ வைத்துப் போல்ட் போட்டு நீட்டலாம். அல்லது சுவரில் ஒரு சட்டத்தைப் பதித்து, ஹேங்கர் என்ற இரும்புத் தொட்டிலில் கட்டையை உட்கார வைக்கலாம். ஹேங்கரின் எல்லாத் துளைக்கும் அதற்கென்று சொன்ன ஆணியைத்தான் போட வேண்டும். கையில் கிடைத்த மெல்லிய ஸ்க்ரூ இந்த வேலையில் முறிந்துவிடும்.

எந்த வழியானாலும் வெட்டுவதற்கு முன் தற்காலிக முட்டு. முனையை வெட்டிய பிறகு முட்டைத் தேடி ஓடிய கதைகள் நிறைய.

எதைச் செய்தாலும், தூக்கிய பிறகுதான்

சேர்க்கும் கட்டை, சட்டம், தகடு எல்லாமே, சேர்த்த பிறகு வரும் பாரத்தைத்தான் பகிர்ந்துகொள்ளும். ஏற்கெனவே வளைந்து கிடக்கும் கட்டையோடு அப்படியே இணைத்தால், அதன் முதுகில் இருக்கும் பழைய பாரம் பழையதிடமே இருக்கும், வளைவும் அப்படியே நிரந்தரமாகும். அதனால் அறையைக் காலி செய்யுங்கள். கீழே ஒரு தற்காலிக உத்திரம், திருகு ஜாக்கிகள், மெல்ல மேலே. ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம். பல வருடம் எடுத்து வளைந்ததை ஒரு மாலையில் நிமிர்த்தினால் மேலே சுவர்ப்பூச்சு விரியும், கதவு மாட்டிக்கொள்ளும், குழாய் இணைப்பு பிரியும். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் வரும்வரை விடமாட்டேன் என்று அடம்பிடிக்காதீர்கள். பழகிய வளைவு முழுக்கப் போகாது. 30 மி.மீ. தொய்வில் 20 திரும்பினாலே நல்ல வேலை, மிச்சத்தைக் கட்டையின் தலையில் ஆப்புத்துண்டு வைத்துப் பலகையை மட்டமாக்கலாம்.

அப்படியானால் எதை எடுப்பது? கீழே பயன்படாத வெற்றிடம் இருக்கிறதா, முட்டு. வேறு பேச்சே வேண்டாம். கீழே அறை இருக்கிறது, கூரைப் பலகை எப்படியும் மாற்றப் போகிறீர்கள், கட்டைகள் நல்ல மரம் என்றால் அடிச்சட்டம், கூடவே நடுவில் ஒரு வரிசை இடைக்கட்டை. கட்டைகள் பிளந்தோ வெட்டுப்பட்டோ இருந்தால் அந்தக் கட்டைகளுக்கு மட்டும் ஜோடி. பாதிக்கு மேற்பட்ட கட்டைகள் இற்றிருந்தால் ஒட்டுப்போடும் பேச்சை விட்டுவிட்டு மொத்தமாக மாற்றுங்கள், ஒட்டுவதற்கு ஆகும் உழைப்பு அதைவிடக் குறைவாக இருக்காது. மேலே பெரிய மீன்தொட்டியோ குளியல் தொட்டியோ வைக்கப் போவதாக இருந்தால், 400 லிட்டர் தண்ணீர் 400 கிலோ என்பதையும், அது நாள் முழுக்க இறங்காமல் நிற்கும் பாரம் என்பதையும் சொல்லிப் பொறியாளரிடம் கணக்குக் கேளுங்கள். சுவரை எடுக்கும் யோசனை இருந்தாலும், சுவரில் சாய்வாகப் பிளவு ஓடினாலும் அதேபோல்தான்.

வேலை முடிந்து ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் போன பிறகு ஸ்பானரோடு மறுபடி கீழே போங்கள். மரம் இதற்குள் ஒருமுறை ஊதி ஒருமுறை சுருங்கியிருக்கும். போல்ட்டுகளில் பாதிக்கு மேல் அரைச்சுற்றாவது இறுக்க இடம் கொடுக்கும், தூணின் தலையில் ஆப்பு தளர்ந்திருக்கும். தட்டி இறுக்கிவிட்டு, முதல் நாள் பிடித்த அதே இடத்தில் நூலைப் பிடித்து இடைவெளியை அளந்து, தேதியோடு கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள்.